மறு: கேஸ்டு, ஃப்ளாஷ்டு, ஸ்டெய்ன்டு: மூன்று கண்ணாடிக்கும் ஒரே சொல் போதுமா?

> மூன்றுமே நிறம் ஏற்றிய கண்ணாடிதானே? "முலாம் கண்ணாடி" என்று ஒரே சொல்லாக வைத்துவிட்டால் படிப்பவர்களுக்கும் சுலபம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு அது போதாது ஐயா. முலாம் என்றதும் நகைப் பட்டறைதான் நினைவுக்கு வரும், உலோகத்தின் மேல் உலோகம். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பழைய வண்ண வெட்டுக் கண்ணாடிக் கிண்ணம் கைக்கு வந்தால், அது எந்த ஊர்ச் சரக்கு என்று பார்க்கிறவர்கள் முதலில் கவனிப்பதே நிறம் கண்ணாடியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான். மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் அந்தத் துப்பு போய்விடும்.

செய்முறையைச் சொல்கிறேன், சொல் அதிலிருந்தே வரட்டும்.

கேஸ்டு என்பது வண்ணக் கண்ணாடியைக் கோப்பை மாதிரி ஊதி வைத்து, அதற்குள் தெளிந்த கண்ணாடி உருண்டையை ஊதி இரண்டையும் ஒட்டவைப்பது. மேல் அடுக்கு தடிமனாக இருக்கும். இதற்கு "போர்வைக் கண்ணாடி". ஃப்ளாஷ்டு என்பது பஜ்ஜிக்கு வாழைக்காயை மாவில் தோய்ப்பது போல, உருண்டையை உருகிய வண்ணக் கண்ணாடியில் ஒரு முறை தோய்த்து எடுப்பது, மெல்லிய அடுக்கு. இது "தோய்வுக் கண்ணாடி".

மூன்றாவதான ஸ்டெய்ன்டுதான் வேறு சாதி. வெள்ளி அல்லது செம்பு உப்பைக் காவிமண்ணோடு குழைத்துத் தடவிச் சூளையில் சுடுவார்கள். உலோக அயனிகள் கண்ணாடியின் மேல்தோலுக்குள் இறங்கி அங்கேயே நிறமாகிவிடும், மண்ணைத் துடைத்து எறியலாம். தனி அடுக்கு என்று எதுவும் கிடையாது, அதனால் "பூச்சு" என்றாலும் தப்பு. நான் முன்வைப்பது "சுடுசாயக் கண்ணாடி".

இந்த வேறுபாடு ஊரைச் சொல்லும். இன்றைய செக் நாட்டின் பொஹீமியாவில், அன்று ஹைடா என்றும் இன்று நோவி போர் என்றும் அழைக்கப்படும் ஊரில் ஃப்ரீட்ரிக் ஏகர்மன் (1777–1864) முதலில் வெள்ளியால் மஞ்சளையும், பிறகு 1830-களில் செம்பால் சிவப்பையும் இப்படிச் சுட்டு எடுத்தார். தங்கம் போட்டு உருக்கும் ரூபிக் கண்ணாடியைவிட மலிவு, சுற்றுவட்டாரப் பட்டறைகள் எல்லாம் பிடித்துக்கொண்டன. சிவப்புக் கிண்ணத்தில் மானும் காடும் கோட்டையும் செதுக்கியிருந்து, அடிவிளிம்பில் தேய்ந்த இடத்தில் கீறல்கள் வெள்ளையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் சுடுசாயம், பெரும்பாலும் பொஹீமியா. (விற்கிறவர்கள் இதையும் "ஃப்ளாஷ்டு" என்றே எழுதுகிறார்கள். ஆங்கிலத்திலேயே உள்ள இந்தக் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டுமா?)

போர்வை வகையில் ஊரைப் பிரிப்பது கடினம். வாய்விளிம்பு வெட்டப்பட்டிருந்தால் அதை வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், தெளிந்த கண்ணாடிமேல் நிறம் ஒரு கோடாக நிற்கும். பொஹீமியா, 1826-இல் தொடங்கிய பெல்ஜியத்து வால் சாங் லாம்பேர், பிரான்சின் பக்கரா, இங்கிலாந்தின் ஸ்டூர்பிரிட்ஜ் பட்டறைகள் எல்லாமே இதைச் செய்தன. அங்கே எடை உதவும். பழைய பொஹீமியக் கண்ணாடி பெரும்பாலும் பொட்டாஷ்-சுண்ணாம்பு வகை, அடர்த்தி நீரைப்போல் சுமார் 2.5 மடங்கு. மற்ற இடங்களில் வழக்கமான, ஈயம் நிறைந்த கிறிஸ்டல் என்றால் 3-ஐ ஒட்டி வரும். கிண்ணத்தைத் தராசில் ஒரு முறையும், நூலில் தொங்கவிட்டு நீருக்குள் மூழ்கியபடி ஒரு முறையும் நிறுத்து, முதல் எடையை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். புற ஊதா விளக்கில் பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் யுரேனியம் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியும், ஆனால் அதைப் பல நாட்டினரும் சேர்த்தார்கள்.

அடியில் "செக்கோஸ்லோவாக்கியா" என்று அமிலத்தால் அரித்துப் பதித்த முத்திரை இருந்தால் 1918-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை, அந்த நாடு பிறந்ததே அப்போதுதான். முத்திரை இல்லையென்றால் அதிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது.

-----

> "சுடுசாயம்" எதற்கு? "சாயக் கண்ணாடி" என்றாலே போதுமே.

தேவாலயச் சன்னல்களில் வரும் ஸ்டெய்ன்டு கிளாஸை அந்தப் பெயரில் எழுதிப் பழகிவிட்டோம் அம்மா. அதில் பெரும்பகுதி உருக்கும்போதே நிறம் கலந்த கண்ணாடி. இப்படிச் சுட்டு ஏற்றியதில் முக்கியமானது 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வரும் வெள்ளி மஞ்சள். "சுடு" இருந்தால் இரண்டும் பிரிந்து நிற்கும்.

> போர்வைக்கும் தோய்வுக்கும் அவ்வளவு வித்தியாசம் தெரியுமா?

வெட்டின சரிவில் தெரியும். அடுக்கு தடிமனாக இருந்தால் சாய்வாக வெட்டும்போது நிறம் ஆழத்திலிருந்து மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே தெளிவில் போய் முடியும். ஜப்பானின் சத்சுமா கிரிகோ (கிரிகோ என்றால் வெட்டுக் கண்ணாடி) கிண்ணங்களுக்குப் புகழே அதனால்தான், அவர்கள் அந்த மங்கலை "போகாஷி" என்கிறார்கள். 1851-இல் சத்சுமாவில் ஆட்சிக்கு வந்த ஷிமாஸு நாரியாகிராவின் காலத்தில் வளர்ந்து, சில பத்தாண்டுகளில் நின்றுபோய், 1985-இல் மீண்டும் தொடங்கிய வேலை. பழையது என்று சொல்லி விற்றால் இரண்டு முறை யோசியுங்கள். அதே ஜப்பானின் எடோ கிரிகோவில் அடுக்கு மெல்லியது, நிறம் வெட்டின ஓரத்தில் சட்டென்று நின்றுவிடும்.

சரி, வேறு மறுப்பு வராவிட்டால் போர்வை, தோய்வு, சுடுசாயம் மூன்றையும் தனித்தனிப் பதிவாக ஏற்றிவிடுகிறேன். "போகாஷி"க்கு "வெளிறல்" என்று யாரோ எழுதியிருந்தார்கள், எனக்கு அது வெயிலில் நிறம் போன துணி மாதிரி தொனிக்கிறது. "நிறத்தேய்வு" எப்படி?