உதவி: லிப்ரிவாக்ஸுக்கு வாசித்த கதை திரும்பி வந்துவிட்டது, இரைச்சலை எடுத்தால் குரலும் போகிறது

கொள்ளிடக்கரை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர். வீரமாமுனிவர் தங்கியிருந்து கோயில் கட்டிய இடம் என்பதால் அவர் எழுதிய பரமார்த்த குரு கதை எங்கள் பக்கத்தில் வீட்டுக் கதை மாதிரி. உரிமைக்காலம் முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து இலவசமாகத் தரும் லிப்ரிவாக்ஸ் தளத்துக்காக அதைத் தமிழில் ஒலிநூலாக்கலாம் என்று சிலர் சேர்ந்தோம். முதல் பகுதியை, குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கும் கதையை, நான் எடுத்துக்கொண்டேன்.

14 நிமிடம் வந்தது. கேட்டுச் சரிபார்ப்பவர் மூன்று குறைகள் எழுதித் திருப்பியிருக்கிறார். ஒலி அளவு 81.6 டெசிபல்தான் இருக்கிறது, 89 பக்கம் வர வேண்டும். பின்னணியில் ஒரே சீரான இரைச்சல். வாசிப்பு, கொடுத்த மூலத்தோடு பல இடங்களில் ஒத்துப்போகவில்லை.

ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் ஒலியைக் கூட்டினேன், இரைச்சலும் கூடியது. இரைச்சல் நீக்கத்தை 24 டெசிபல் வைத்து இரண்டு முறை ஓட்டினேன். இரைச்சல் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது.

எனக்குப் பெரிய வருத்தம் ஒரு இடத்தில். ஆறு விழித்திருக்கிறதா என்று பார்க்கச் சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் விடுவான், அது சீறும். ஆறு விழித்திருக்கிறது என்று பயந்து காத்திருப்பார்கள். பிறகு அதே கட்டையை, அணைந்துபோனதை, மறுபடி விடுவான். சத்தமே இருக்காது, ஆறு தூங்கிவிட்டது என்று இறங்குவார்கள். முதல் தடவை சீறுகிற இடத்தைக் காற்றோடு இழுத்து வாசித்திருந்தேன். இரைச்சல் நீக்கம் அந்தச் சீறலையும் தின்றுவிட்டது. இப்போது முதல் முறையும் இரண்டாம் முறையும் ஒன்றுபோலவே கேட்கிறது. அப்புறம் கதையில் என்ன மிச்சம்?

ஹெட்செட் மைக், மடிக்கணினி. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பேசினேன். வழி சொல்லுங்கள்.

ஒலிப்பெட்டி

டீச்சர், வணக்கம். மென்பொருளை மூடி வைங்க. முதல்ல அறையைப் பார்ப்போம்.

நாலு கேள்வி. மடிக்கணினி சார்ஜர்ல போட்டபடியா பதிவு செஞ்சீங்க? மைக் வாய்க்கு நேரா இருந்துச்சா, கன்னத்துப் பக்கமா? கணினியோட ஒலி அமைப்புல இரைச்சலைக் குறைக்கிறது, குரலை மேம்படுத்துறதுன்னு ஏதாவது தானா ஓடுதா? பேசாம இருக்கிற இடத்துல அலைவரி எவ்வளவு உயரம்? முடிஞ்சா ஒரு பத்து விநாடி வெறும் அறைச் சத்தத்தை மட்டும் பதிஞ்சு ஏத்துங்க. குரல் வேண்டாம்.

கொள்ளிடக்கரை டீச்சர்

ஏற்றியிருக்கிறேன். சார்ஜர் செருகியபடிதான். மைக் வாய்க்கு நேரே, ஒட்டினாற்போல். "மேம்படுத்து" என்று ஒன்று இயக்கத்தில் இருக்கிறது, நான் தொட்டதில்லை.

ஒலிப்பெட்டி

கேட்டேன். இதுல ரெண்டு தனித்தனி சத்தம் இருக்கு.

கீழே "ம்ம்ம்"னு ஒண்ணு ஓடுது. அது மின்சாரம். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதோட மடங்குகள் 100, 150லயும் கேட்கும். சார்ஜர் வழியா மைக்குக்குள்ள வருது. சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரில பேசுங்க, பாதி வேலை அங்கேயே முடிஞ்சிடும். அதுக்கு மேல "உஷ்"னு ஒண்ணு. அது கணினிக்குள்ள இருக்கிற சின்ன விசிறி. மடிக்கணினியும் உங்க கையும் ஒரே மேசைல இருந்தா மரம் வழியாவும் ஏறும். கணினியை வேற ஸ்டூல்ல வைங்க, அடியில மடிச்ச துண்டு போடுங்க, வேற எந்தச் செயலியும் திறந்திருக்க வேண்டாம்.

அறை எதிரொலிக்குது. சிமெண்ட் சுவர், வெறும் தரைன்னு கேட்டாலே தெரியுது. பஞ்சு மெத்தை ஒண்ணை உங்க முதுகுக்குப் பின்னால சுவர்ல சாய்ச்சு வைங்க. முன்னால துணி அடுக்கின பீரோவைத் திறந்து வச்சு அதைப் பார்த்துப் பேசுங்க. தரையில ஜமக்காளம். காசு செலவே இல்லை. நான் முதல் மூணு நூலை இப்படித்தான் வாசிச்சேன்.

மைக்கை வாய்க்கு நேரே வச்சா பகரம் வர்ற இடமெல்லாம் "புப்"னு காத்து அடிக்கும். இந்தக் கதைல "பேதை" வேற இருக்கான், அவன் பேரைச் சொல்றப்போ எல்லாம் அடிச்சிருக்கு. கன்னத்தோரமா, வாய் முனைக்குக் கொஞ்சம் கீழே தள்ளி வைங்க.

அந்த "மேம்படுத்து" கட்டாயம் அணைக்கணும். நீங்க நிறுத்தி மூச்சு விடுறப்போ அது ஒலியைக் கூட்டுது, பேச ஆரம்பிச்சதும் குறைக்குது. அதனாலதான் இரைச்சல் அலை மாதிரி ஏறி இறங்குது. ஆடாசிட்டியோட இரைச்சல் நீக்கம் ஒரே சீரான சத்தத்தைத்தான் அடையாளம் தெரிஞ்சு எடுக்கும். ஏறி இறங்குற சத்தத்துல அது திணறும்.

இப்போ உங்க கொள்ளிக்கட்டை. அது சீறுற சத்தமும் விசிறிச் சத்தமும் ஒரே சாதி, ரெண்டும் காத்து. விசிறியைக் காட்டி "இதை எடு"ன்னு 24 டெசிபல் சொன்னீங்க, அது சீறலையும் சேர்த்து எடுத்துடுச்சு. ச, ஸ, ஷ எல்லாம் இந்த ஆபத்துல இருக்கு. அறையைச் சரி பண்ணிட்டா 6 டெசிபல் ஒரே முறை போதும், சில சமயம் அதுவும் வேண்டாம். முதல்ல இரைச்சல் நீக்கம், அப்புறம்தான் ஒலியைக் கூட்டணும். 81.6 இருந்தா 7.4 கூட்டினா 89 வரும். 86லேர்ந்து 92 வரைக்கும் ஏத்துக்குவாங்க.

செவிவழி

டீச்சர், நான் வாசகன் இல்லை, கேட்பவன். பிறவியிலேயே பார்வை கிடையாது. நூல்கள் எல்லாமே காது வழியாகத்தான்.

ஒரு வேண்டுகோள். லேசான இரைச்சல் இருந்தால் எனக்குப் பரவாயில்லை. இரண்டு நிமிடத்தில் காது அதை ஒதுக்கிவிடும். சொல்லின் கடைசி அறுந்தால் பொறுக்க முடியாது. தமிழில் எத்தனை சொற்கள் மெதுவாக முடிகின்றன பாருங்கள். மகர ஒற்று, னகர ஒற்று, குற்றியலுகரம். "வந்து", "ஆறு", "கயிறு" எல்லாவற்றிலும் கடைசி உகரம் பாதி மூச்சுதான். அழுத்தமான இரைச்சல் நீக்கம் போட்ட பதிவுகளில் அந்தப் பாதி மூச்சு வெட்டப்பட்டு "வந்த்", "ஆற்" என்று கேட்கும். "போனான்" "போனா" ஆகிவிடும், ஆணா பெண்ணா என்று தேட வேண்டும்.

திரை வாசிப்பான் எனக்கு நாள் முழுக்கப் படித்துக் காட்டுகிறது. அதற்கு நன்றி உண்டு. ஆனால் கொள்ளி சீறும் இடத்தில் அது சீறாது. அதற்காகத்தான் மனிதர்கள் வாசித்ததைத் தேடிப் போகிறேன். அந்தச் சீறலை விட்டுவிடாதீர்கள்.

பழையஏடு

மூன்றாவது குறையைப் பற்றி யாரும் பேசவில்லையே. டீச்சர், எந்தப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தீர்கள்?

கொள்ளிடக்கரை டீச்சர்

ஒருங்கிணைப்பாளர் கொடுத்தது பழைய அச்சின் ஸ்கேன். எழுத்துகள் பழையவை, சொற்கள் சேர்ந்து சேர்ந்து கிடந்தன. அதனால் வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கியிருந்த புத்தகத்தைப் பார்த்து வாசித்தேன். கதை அதேதானே என்று நினைத்தேன்.

பழையஏடு

கதை அதேதான், ஆனால் வாக்கியங்கள் வேறொருவருடையவை. வீரமாமுனிவர் காலமானது 1747இல். இந்தக் கதை அவருடைய தமிழோடு லண்டனில் அச்சேறியது 1822இல். அந்த உரைநடையை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், பாடலாம், அச்சிடலாம். உங்கள் வீட்டுப் புத்தகத்தில் இருப்பது பிற்காலத்தில் ஒருவர் சிறுவர்களுக்காகத் திருப்பி எழுதியது. அந்த எழுத்துக்கு அவருக்கு உரிமை இருக்கிறது. நாட்டார் கதைகள் எல்லாவற்றிலும் இந்தக் குழப்பம் வரும். கதை எவருடையதும் இல்லை, சொன்ன விதம் ஒருவருடையது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அடுத்த நூலுக்கு உதவும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை. லிப்ரிவாக்ஸ் பார்ப்பது அமெரிக்கச் சட்டத்தை. அங்கே பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுக் கணக்கு. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது என்ற ஒரு காரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போகக் கூடாது. ஆண்டு தெரிகிற முகப்புத்தாளோடு உள்ள ஸ்கேன் வேண்டும். இணைய ஆவணக் காப்பகத்திலும் (archive.org), தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடினால் நிறைய அகப்படும்.

பழைய எழுத்துக்குப் பயப்படாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் ணை, லை, னை எல்லாவற்றையும் கொம்பு போட்ட வடிவத்தில்தானே எழுதினோம்? நீங்களும் அப்படிப் படித்தவராகத்தான் இருப்பீர்கள். சேர்ந்து கிடக்கும் சொற்களுக்கு ஒரு வழி: அந்தப் பக்கங்களை உங்கள் கையால் ஒரு நோட்டில், சந்தி பிரித்து, மூச்சு விடும் இடத்தில் சாய்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு எழுத்தையும் மாற்றாமல். அந்தக் கால உரைநடையில் "சொல்லி, போய், கண்டு, பயந்து" என்று எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போய் அரைப் பக்கத்துக்கு அப்பால்தான் வினைமுற்று வரும். ஒவ்வொரு எச்சத்திலும் குரலைத் தாழ்த்தினால் கேட்பவர் வாக்கியம் முடிந்துவிட்டது என்று நினைப்பார். முற்று வரும்வரை குரலைத் தூக்கியே பிடிக்க வேண்டும்.

மெய்ப்புக்காது

நான் பல தொகுப்புகளுக்குச் சரிபார்ப்பவளாக இருக்கிறேன். டீச்சர், திருப்பி அனுப்பினார்கள் என்று மனம் நோக வேண்டாம். 2005 ஆகஸ்டில் மாண்ட்ரியாலில் ஹியூ மெக்கையர் தொடங்கிய நாளிலிருந்து லிப்ரிவாக்ஸில் குரல் தேர்வு கிடையாது. உச்சரிப்பு இப்படி இருக்க வேண்டும், நடிப்பு அப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் எழுத மாட்டோம். சீடர்கள் ஐந்து பேருக்கும் ஐந்து குரல் வைப்பதும் ஒரே குரலில் சொல்வதும் உங்கள் விருப்பம். பின்னணி இசை மட்டும் கூடாது.

கவனிக்க வேண்டியவை: தொடக்கத்தில் ஒரு விநாடிக்கு மேல் மௌனம் வேண்டாம். பிறகு இது லிப்ரிவாக்ஸ் பதிவு, பொதுவுடைமையானது (யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம்) என்ற அறிவிப்பு. உங்கள் கோப்பில் அது இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. முடிவில் 5 விநாடி மௌனம், அரை மணி நேரத்துக்கு மேற்பட்ட கோப்பானால் 10. எம்பி3, மாறாத 128 கிலோபிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ. எம்பி3 கோப்பையே திறந்து திருத்தி மறுபடி எம்பி3 ஆக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் இறங்கும். ஆடாசிட்டியின் மூலக் கோப்பை வைத்துக்கொண்டு அதில் திருத்துங்கள்.

கொள்ளிடக்கரை டீச்சர்

எத்தனை பேர் எத்தனை நேரம் எடுத்து எழுதியிருக்கிறீர்கள்! எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு கேள்விகள் மட்டும். நான் வாசித்ததை யாராவது எடுத்து விற்கலாமா? எங்கள் அப்பாயி சொன்ன கதைகள் பத்துப் பன்னிரண்டு நினைவில் இருக்கின்றன, அச்சில் எங்கும் பார்த்ததில்லை. அவற்றையும் அங்கே வாசிக்கலாமா?

மெய்ப்புக்காது

விற்கலாம். உங்கள் பதிவும் பொதுவுடைமை ஆகிவிடுகிறது, பெயரைக் குறிப்பிடக்கூட யாருக்கும் கட்டாயம் இல்லை. அது மனத்துக்கு ஒப்பினால் மட்டும் வாசியுங்கள். இலவசமாகக் கேட்க அசல் எப்போதும் அங்கேயே இருக்கும்.

அப்பாயி கதைகள் அங்கே முடியாது, அச்சில் வந்து உரிமைக்காலம் முடிந்தவை மட்டும்தான். ஆனால் தயவு செய்து பதிவு செய்யுங்கள். பொதுவுடைமை என்று அறிவித்து இணைய ஆவணக் காப்பகத்தில் நீங்களே ஏற்றலாம். எந்த ஊர், யார் சொல்லக் கேட்டது, எந்த ஆண்டு வாக்கில் என்று தொடக்கத்திலேயே குரலில் சொல்லிவிடுங்கள்.

கொள்ளிடக்கரை டீச்சர்

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். ஸ்கேனைப் பார்த்து நோட்டில் பிரித்து எழுதவே நான்கு நாள் ஆயிற்று. எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கித் தந்தவருடைய உரைநடையைக் கையால் எழுதுகிறோம் என்று நினைக்கும்போது கை கொஞ்சம் மெதுவாகவே போனது.

விடியற்காலை நான்கு மணிக்கு, காகம் கத்துவதற்கு முன், சார்ஜரைக் கழற்றிவிட்டு, பின்னால் மெத்தை, முன்னால் திறந்த பீரோ. ஐந்தேகாலுக்குக் கோயில் ஒலிபெருக்கி தொடங்கியதும் நிறுத்தி, மறுநாள் அதே நேரத்தில் மீதியை முடித்தேன். அந்த "ம்ம்ம்" இல்லவே இல்லை. இரைச்சல் நீக்கம் 6, ஒரே முறை. ஒலியைக் கூட்டிய பிறகு 88.8 காட்டுகிறது.

செவிவழி தம்பி, கோப்பை உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். சரிபார்ப்பவருக்கு முன்னால் நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

செவிவழி

கேட்டுவிட்டேன் டீச்சர், இரண்டு முறை. மெத்தை வைத்த அறை என்று தெரிகிறது, குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. கொள்ளி சீறியது. இரண்டாம் முறை கட்டையை விட்டதும் ஒரு விநாடி எதுவும் பேசாமல் விட்டீர்கள் பாருங்கள், நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

7ஆம் நிமிடம் 40ஆவது விநாடி பக்கம் ஒரு வரி இரண்டு முறை வருகிறது. அதை மட்டும் வெட்டிவிடுங்கள்.

கொள்ளிடக்கரை டீச்சர்

வெட்டி ஏற்றிவிட்டேன். குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்குகிற கதையை யாரும் எடுக்கவில்லை என்றால் அதுவும் எனக்கு.