வி-ஸ்ட்ராம் 650: அலாய் சக்கரமா, ஸ்போக் சக்கரமா?

அண்ணன்: அனைவருக்கும் வணக்கம். சுசூகி வி-ஸ்ட்ராம் 650 மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று நானும் என் மனைவியும் முடிவெடுத்துவிட்டோம். 2017க்குப் பிந்தைய வண்டிகளில் சாதாரண 650, 650 எக்ஸ்டி என இரண்டு மாடல்கள் இருக்கின்றன. அருகருகே நிறுத்திப் பார்த்தும் எதை எடுப்பது என்று தெளிவு கிடைக்கவில்லை. இந்த வார இறுதிக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

நான்: அண்ணா, இரண்டிலும் இருப்பது அதே 645 சிசி வி-ட்வின் எஞ்சின்தான். 20 லிட்டர் டேங்க், 835 மில்லிமீட்டர் சீட் உயரம், முன்னால் 19 அங்குலமும் பின்னால் 17 அங்குலமுமான டயர், வேகமெடுக்கும்போது பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் காக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் என எதிலும் வேறுபாடு இல்லை. சாதாரண 650இல் இருப்பது ஒரே துண்டாக வார்த்த அலாய் சக்கரம். எக்ஸ்டியில் மாறுவது கம்பிகள் கோத்த ஸ்போக் சக்கரம், கைப்பிடிக் கவசம், எஞ்சினுக்குக் கீழே ஒரு கவர் ஆகியவை மட்டுமே. எடை 213 கிலோவிலிருந்து 216 கிலோ ஆகிறது. கவசத்தையும் கவரையும் எப்போது வேண்டுமானாலும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம், ஆனால் சக்கரத்தை அப்படிப் பிறகு மாற்றுவது பெரிய செலவு. ஆகவே சக்கரத்தைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும் என்பது என் எண்ணம்.

அக்கா: எஞ்சினுக்குக் கீழே கவர் இருப்பது கல் சாலையில் பெரிய பாதுகாப்பு இல்லையா? எனக்கு அதுவே எக்ஸ்டி எடுக்கப் போதுமான காரணமாகத் தெரிகிறது, அண்ணா.

சித்தப்பா: இல்லையம்மா, அந்தக் கவர் பிளாஸ்டிக். இந்த வண்டியில் ஆயில் ஃபில்டரும் சைலன்சர் குழாயும் எஞ்சினின் முன்புறத்திலேயே இருக்கின்றன. முன்சக்கரம் வாரியடிக்கும் சேற்றையும் பொடிக் கல்லையும் அந்தக் கவர் தடுக்கும். பாறையில் அடி தட்டினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு உலோகத் தட்டு ஒன்றைத் தனியாகத்தான் மாட்ட வேண்டும், எந்த மாடலை எடுத்தாலும். அதை விடுங்கள். தம்பி சொன்னதுபோல் சக்கரம்தான் கேள்வி.

அண்ணன்: ஸ்போக் என்றால் ட்யூப் போட வேண்டுமே, வழியில் பஞ்சர் ஆனால் சக்கரத்தையே கழற்ற வேண்டுமே என்று தயங்குகிறேன், சித்தப்பா.

சித்தப்பா: வழக்கமான ஸ்போக் சக்கரத்தில் கம்பிகள் ரிம்மைத் துளைத்துக்கொண்டு நிற்பதால் அந்தத் துளைகள் வழியே காற்று போய்விடும், அதனால்தான் ட்யூப் தேவைப்படுகிறது. எக்ஸ்டியின் சக்கரம் ட்யூப்லெஸ் டயருக்கென்றே செய்யப்பட்டது. ஆணி குத்தினால், அலாய் சக்கரத்தில் செய்வதுபோலவே ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை ஊசியால் அராவித் துடைத்து, பசை தடவிய ரப்பர் பட்டையைச் செருகிக் காற்றடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். இந்தத் தயக்கம் வேண்டாம்.

நான்: அப்படியென்றால் ஸ்போக்கால் கிடைக்கும் நன்மை என்ன, சித்தப்பா? நல்ல தார்ச்சாலையில் அலாய்தான் கவலையற்றது. துடைப்பதும் எளிது, முடுக்க வேண்டிய கம்பி எதுவும் இல்லை. அண்ணன் போகும் பாதையில் பெரும்பகுதி தார்ச்சாலை என்பதால் சாதாரண 650 போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சித்தப்பா: பெரும்பகுதியைப் பார்த்துச் சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, தம்பி, வண்டி மாட்டிக்கொள்ளக்கூடிய அந்தச் சிறு பகுதியைப் பார்க்க வேண்டும். இரண்டு பேர், இரு பக்கமும் பெட்டி, மேலே ஒரு பை என்று ஏற்றிக்கொண்டு குழியில் இறங்கினால் அந்த இடி முழுவதும் ரிம்மின் விளிம்பில்தான் விழும். ஸ்போக் சக்கரம் சற்று வளைந்து கொடுத்து அதை வாங்கிக்கொள்ளும். அலாய் அப்படி வளையாது. அடி பலமாக இருந்தால் விளிம்பு நசுங்கும், மோசமாக இருந்தால் கீறல் விடும். கீறல் விட்ட சக்கரத்தைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்போக்கில் கம்பி ஒடிந்தால் அந்தக் கம்பியை மட்டும் மாற்றலாம். சக்கரம் ஆடினால் பெண்டு எடுத்து நேராக்கலாம். இருந்தாலும் விளிம்பு நசுங்கினால் காற்று இறங்குவது இரண்டுக்கும் பொது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்போக் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு குழியில் விடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அண்ணி: மாமா, அந்தக் கம்பிகளின் பராமரிப்பு எவ்வளவு வேலை என்று சொல்லுங்கள். நாங்கள் மாறி மாறி ஓட்டப்போகிறோம். செயினுக்கு எண்ணெய் விடுவது, காற்றழுத்தம் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு என்று ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறோம். கடைசிச் சில கிலோமீட்டர் கல் பாதையாக இருக்கும் இடங்களுக்குத்தான் எனக்குப் போக ஆசை. அந்தப் பாதைக்குப் பயந்து பாதியில் திரும்ப நான் விரும்பவில்லை.

சித்தப்பா: வேலை அதிகமில்லையம்மா, ஆனால் மறக்கக் கூடாது. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுழற்றி, ஒவ்வொரு கம்பியையும் சிறிய ஸ்பேனரால் மெல்லத் தட்டிக்கொண்டே வர வேண்டும். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். ஒன்று தளர்ந்தால் அதன் சுமை பக்கத்துக் கம்பிகளில் ஏறி, பிறகு அவையும் தளரும். கம்பியை இறுக்கும் திருகான நிப்பிளை ஒரே மூச்சில் திருகக் கூடாது; கால் சுற்று திருகி, சக்கரத்தைச் சுழற்றி, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த கால் சுற்று. ஓரிரு கம்பிக்கு மேல் தளர்ந்திருந்தால் கை வைக்காமல், பெண்டு எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். புதுச் சக்கரத்தில் கம்பிகள் ஓடி ஓடித்தான் படியும் என்பதால் முதல் சர்வீஸில் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்கா: சீட் உயரம் அண்ணிக்கு ஒத்துவருமா? 835 என்பது உயரமாகத் தெரிகிறதே.

அண்ணி: உட்கார்ந்து பார்த்தேன். நடுப்பகுதி குறுகலாக இருப்பதால் இரு பாதங்களின் முன்பகுதியும் தரையில் படுகின்றன. போதாது என்றால் தாழ்வான சீட் துணைப்பொருளாகக் கிடைக்கிறது.

நான்: அப்படியானால் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். கல் பாதைக்குப் போவது உறுதி, கம்பியைப் பார்க்க ஆளும் இருக்கிறார் என்றால் எக்ஸ்டியே சரி. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அலாய்தான் என்று சொல்லியிருப்பேன். ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும், அண்ணா: இந்த வண்டியில் ஏபிஎஸ்ஸை அணைக்க முடியாது. டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைக்கலாம். ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்ட விடாது என்பதால் சரளைக் கல் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் எதிர்பார்ப்பதைவிடத் தள்ளித்தான் நிற்கும். வேகத்தை முன்கூட்டியே குறைத்துவிட வேண்டும். இது இரண்டு மாடலுக்கும் பொருந்தும்.

அண்ணன்: சரி, எக்ஸ்டி என்றே சொல்லிவிடுகிறேன். சித்தப்பா, உலோகத் தட்டை இப்போதே சேர்த்து மாட்டச் சொல்லட்டுமா?

சித்தப்பா: சொல்லிவிடு. நடு ஸ்டாண்டையும் சேர்த்துக் கேள். தட்டும் ஸ்டாண்டும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் பொருந்துமா என்று பார்த்துவிட்டு வாங்கு. ஸ்டாண்ட் இல்லாமல் செயினுக்கு எண்ணெய் விடுவதும் பின்சக்கரக் கம்பியைத் தட்டிப் பார்ப்பதும் சிரமம். வண்டியை எடுக்கும் நாளில் நானும் வருகிறேன். கிளம்பும் முன் இரண்டு சக்கரத்தையும் தட்டிப் பார்த்துவிடலாம்.

அண்ணி: அவசியம் வாருங்கள், மாமா. அப்போதே அந்த ஒலியை என் காதுக்கும் பழக்கிக்கொள்கிறேன்.