புல்லட் 350: ரீபோர் அவசியமா, வால்வு கைடு மட்டும் போதுமா?

வணக்கம். என்னிடம் இருப்பது அப்பா 1986-ல் எடுத்த புல்லட். வார்ப்பிரும்பு பிளாக் (சிலிண்டர்), பாயிண்ட் செட் இக்னிஷன், வலது காலில் கியர். டீகார்ப் செய்ய, அதாவது படிந்த கரியைச் சுரண்ட, ஹெட்டைத் திறந்ததோடு சரி. போர் (சிலிண்டர் துளை) இன்னும் 70 மி.மீ. ஸ்டாண்டர்டுதான்.

பிரச்சினை புகை. சில வாரம் நிறுத்திவைத்து உதைத்தால் நீலப்புகை தெருவையே மறைக்கும், கொஞ்சம் ஓடியதும் அடங்கிவிடும். நிற்கும்போது ஆயில் டேங்கிலிருந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கும் பழைய வியாதி, அதை விடுங்கள். என் கவலை வேறு. மேட்டில் முறுக்கும்போது புகையே இல்லை. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி வந்து மறுபடி திறந்தால் குப்பென்று ஒரு கொத்து. இது பிஸ்டன் ரிங் தேய்மானம் மாதிரி தெரியவில்லை, வால்வு கைடு (வால்வு தண்டு ஏறி இறங்கும் குழல்) தேய்ந்ததுதானே? கம்ப்ரஷனும் குறையவில்லை, கிக்கரில் ஏறி நின்றால் உடனே இறங்காது. மெக்கானிக்கோ எடுத்த எடுப்பிலேயே "ரீபோர் பண்ணிடலாம் சார்" என்கிறார், அதாவது சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது. பிளாக்கை ஒருமுறை கடைந்தால் கடைந்ததுதானே!

கைடு மட்டும் மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? புகை நின்றதா? ஆயில் இறங்கும் அந்தப் பழைய வியாதிக்கு, ஆயில் பம்பு டிஸ்க்கை லேப் செய்தால் (தேய்த்துச் சமமாக்கினால்) பலன் உண்டா? திருச்சி, தஞ்சாவூர் பக்கம் கைடு போட்டு சீட் கட்டிங் (வால்வு உட்காரும் இடத்தைச் சீராக வெட்டுவது) செய்யும் நல்ல லேத் பட்டறை இருந்தால் சொல்லுங்கள். புது என்ஜின் மாற்றும் யோசனை மட்டும் வேண்டாம், அப்பா வீட்டுக்குள் விடமாட்டார்.