முதல் எஞ்சின், முதல் பெட்டிகள்: நீளமான எக்ஸ்பிரஸா, குட்டைச் சரக்கு வேகன்களா?

புதுத்தடம் எழுதியது:

வணக்கம். ஹெச்ஓ அளவில், அதாவது 1:87இல், மாதிரி ரயில் தொடங்கியிருக்கிறேன். நீள்வட்டத் தண்டவாளம், இரண்டு பாயிண்ட் (தடம் இரண்டாகப் பிரியும் துண்டு), சாதாரண டிசி கட்டுப்பாட்டுப் பெட்டி, இவ்வளவுதான் கையில் இருக்கிறது. வளைவின் ஆரம் 360 மில்லிமீட்டர். மேசையைப் பெரிதாக்க இப்போதைக்கு வழியில்லை. எஞ்சினும் பெட்டிகளும் இனிமேல்தான் வாங்க வேண்டும். பெரிய மின்சார எஞ்சின் ஒன்று, அதன் பின்னால் ஐந்தாறு நீளமான ஐரோப்பியப் பயணிகள் பெட்டிகள், இதுதான் என் ஆசை. தெரிந்தவர் ஒருவரோ, "முதலில் ஷண்டிங் எஞ்சினும் (பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் சிறிய எஞ்சின்) சரக்கு வேகனும் வாங்கு" என்று அடித்துச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

சைடிங்வாசி எழுதியது:

அவர் பேச்சைக் கேளுங்கள். கணக்கு போட்டுப் பார்த்தாலே தெரியும். நிஜப் பெட்டியின் நீளம் 26.4 மீட்டர், 87ஆல் வகுத்தால் 303 மில்லிமீட்டர். அது 360 ஆரத்தில் திரும்ப வேண்டும். இருப்பதிலேயே நீளமான பெட்டியைப் போல மூன்று மடங்கு ஆரம் இருந்தால் நிம்மதி, இரண்டு மடங்கு என்றால் சமாளிக்கலாம் என்பது நம்மில் பலரும் கைக்கொள்ளும் கணக்கு. உங்களிடம் ஒன்றேகால் மடங்குகூட இல்லை.

தடம் புரளாமல் திரும்பினாலும் வேறு சிக்கல் உண்டு. அந்தப் பெட்டியின் இரண்டு சக்கரத் தொகுதிகளுக்கும் இடையே நிஜத்தில் 19 மீட்டர், மாதிரியில் 218 மில்லிமீட்டர். 360 ஆரத்தில் பெட்டியின் நடுப்பகுதி தண்டவாளத்தின் மையத்திலிருந்து ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் உள்பக்கமாகத் தள்ளி நிற்கும். ஹெச்ஓவில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலமே 16.5தான்! வளைவின் உள்பக்கம் நடைமேடையோ சிக்னல் கம்பமோ வைத்தால் உரசும். சுரங்க வாயிலையும் அகலமாக வெட்ட வேண்டியிருக்கும்.

பத்து மீட்டர் நீளமுள்ள இரண்டு அச்சு சரக்கு வேகன் மாதிரியில் 115 மில்லிமீட்டர்தான். உங்கள் வளைவு அதற்கு மூன்று மடங்குக்கும் மேல். அதே மேசைதான், ஆனால் ரயில் அதில் பாந்தமாக உட்காரும்.

நெடுந்தூரம் எழுதியது:

கணக்கெல்லாம் சரி. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். ஐரோப்பியப் பெட்டிகள் பலவற்றில் கப்ளிங், அதாவது பெட்டிகளை இணைக்கும் கொக்கி, பெட்டியோடு இறுகி நிற்பதில்லை. அதைத் தாங்கும் சட்டம் வளைவில் வெளியே நகர்ந்து இரண்டு பெட்டிக்கும் நடுவே இடைவெளி விடும். நேர்பாதைக்கு வந்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மூன்று மடங்குக் கணக்கில் இந்த அமைப்புக்கு இடமே இல்லை. குறைந்தபட்ச ஆரம் எவ்வளவு என்று தயாரிப்பாளர்களே அட்டையில் போடுகிறார்கள். அதைப் படித்து வாங்கினால் போதும்.

இன்னொன்று, நீளத்தை மட்டும் 1:100க்குக் குறைத்துச் செய்த பெட்டிகளும் கிடைக்கின்றன. 264 மில்லிமீட்டர். உயரமும் அகலமும் 1:87தான். இறுக்கமான வளைவு உள்ளவர்களுக்காகவே பிறந்த பெட்டிகள் இவை. சன்னலை எண்ணிப் பார்ப்பவரைத் தவிர மற்றவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஷண்டிங் எஞ்சின் விஷயத்தில் எனக்குக் கடுமையான மறுப்பு உண்டு. இரண்டு அச்சு குட்டி எஞ்சினில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மூன்று சென்டிமீட்டர் அளவே இருக்கும். பாயிண்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் துண்டு பிளாஸ்டிக்காக இருந்தால், மெதுவாகப் போகும்போது அங்கே மின்சாரம் அறுந்து எஞ்சின் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் விரலால் தள்ள வேண்டும். புதிதாக வந்தவர் மனசு விட்டுப்போக இதைவிடக் காரணம் வேண்டாம். எட்டுச் சக்கரங்களிலும் மின்சாரம் எடுக்கும் எஞ்சின் என்றால் அந்த இடத்தைக் கவனிக்காமலே கடந்துபோகும்.

கடைசியாக, அவர் கேட்பது எக்ஸ்பிரஸ். ஆசைப்படாத வேகனை வாங்கி வைத்தால் தூசிதான் படியும்.

சைடிங்வாசி எழுதியது:

எஞ்சின் பற்றிச் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். இரண்டு அச்சு வேண்டாம். நான்கு அச்சு டீசல் வாங்கட்டும். ஷண்டிங்கும் செய்யும், ரயிலும் இழுக்கும். ஒரு அச்சில் ரப்பர் வளையம் போட்டிருந்தால் இழுவை கூடும். ஆனால் ரப்பர் போட்ட சக்கரம் மின்சாரம் எடுக்காது, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

பெட்டி விஷயத்தில் மாறமாட்டேன். முன்னால் இழுக்கும்போது நீளப் பெட்டிகள் ஒழுங்காக வரும். பின்னால் தள்ளும்போதுதான் அந்த நகரும் சட்டத்தின் குணம் தெரியும். ஐந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு இடம் வலம் என்று அடுத்தடுத்துத் திரும்பும் பாயிண்டுகளில் போய்ப் பாருங்கள். எதிரெதிர் வளைவுகளுக்கு நடுவே குறைந்தது ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்த் தண்டவாளம் வேண்டும். அவருடைய மேசையில் 30 சென்டிமீட்டர் எங்கே இருக்கிறது?

எந்த வேகன் வாங்கினாலும் பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல் முதலில் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் உலோகமா, பிளாஸ்டிக்கா? பிளாஸ்டிக் சக்கரத்தில் கரும்பிசுக்கு சீக்கிரம் ஒட்டும். பிறகு அதுவே தண்டவாளம் முழுக்கப் பரவும். அச்சைச் சுண்டிவிட்டால் தடையில்லாமல் சுழல வேண்டும். பிறகு ஒரு கண்ணாடித் துண்டில் நிறுத்துங்கள். நான்கு சக்கரமும் படியாமல் ஒரு மூலை ஆடினால் அது பாயிண்டில் தடம் இறங்கப்போகும் வேகன். நான்கு அச்சு வேகன் என்றால், ஒரு பக்கத்துச் சக்கரத் தொகுதியின் திருகை இடம் வலம் மட்டும் திரும்பும் அளவுக்கு இறுக்கி, மறுபக்கத்துத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி எல்லாப் பக்கமும் அசைய விடுங்கள். தண்டவாளம் மேடுபள்ளமாக இருந்தாலும் சக்கரம் எல்லாம் படிந்தே போகும். செலவில்லாத வேலை, பலனோ பெரியது.

அப்புறம் எடை. அமெரிக்கத் தேசிய மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் பரிந்துரைப்படி ஹெச்ஓ வண்டிக்கு அடிப்படை எடை 1 அவுன்ஸ், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 115 மில்லிமீட்டர் வேகனுக்கு 90 கிராமுக்குச் சற்று மேல் வரும். சரக்கு வேகனுக்குள் எடைத் துண்டு ஒட்டுவது சுலபம். இருக்கை, சன்னல், விளக்கு எல்லாம் உள்ள பயணிகள் பெட்டிக்குள் எங்கே ஒட்டுவீர்கள்?

பழையசரக்கு எழுதியது:

ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய பெட்டிகளை மொத்தமாக வாங்கப் போனால், மெர்க்லின் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் மூன்று-தண்டவாள முறைக்கான வண்டிகள் கலந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த முறையில் சக்கரங்கள் அச்சிலிருந்து மின்காப்பு செய்யப்பட்டிருக்காது. உங்கள் இரண்டு-தண்டவாள டிசி பாதையில் வைத்த மாத்திரத்தில் ஷார்ட் ஆகும். சக்கர ஜோடியை மாற்றினால் ஓடும். கப்ளிங்கும் அப்படித்தான்: ஐரோப்பிய வளையம், அமெரிக்க நக்கிள், பழைய கொக்கி, மூன்றும் ஒன்றோடொன்று சேராது. முதல் நாளே ஒரு வகையை முடிவு செய்துவிட்டு அதற்கு ஏற்ற வண்டிகளை மட்டும் எடுங்கள்.

நெடுந்தூரம் எழுதியது:

சைடிங்வாசி ஐயா, எடைப் பரிந்துரையை மேற்கோள் காட்டினீர்கள். 264 மில்லிமீட்டர் பெட்டிக்கு அதே கணக்கு 175 கிராம் வரும். ஐந்து பெட்டி சேர்ந்தால் முக்கால் கிலோவைத் தாண்டும். ஏற்றத்தில் சாதாரண எஞ்சின் சக்கரம் வழுக்கும். எல்லாப் பெட்டியும் ஒரே தயாரிப்பு, ஏறக்குறைய ஒரே எடை என்றால், பரிந்துரையைவிட இலேசாக இருந்தாலும் சமதளத்தில் அருமையாக ஓடும். கனமான வண்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இலேசான ஒன்று மாட்டிக்கொண்டு, வளைவில் உள்பக்கமாக இழுபட்டுச் சாய்வதுதான் உண்மையான ஆபத்து.

சைடிங்வாசி எழுதியது:

அது சரி. இலேசானவை கடைசியில் போகட்டும்.

ஆனால் நான் வேகனுக்காக வாதாடும் பெரிய காரணத்தை இன்னும் சொல்லவில்லை. நீள்வட்டத்தில் எக்ஸ்பிரஸ் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். ஆலன் ரைட் வகுத்த இங்கிள்நுக் என்ற ஷண்டிங் புதிர் அமைப்பில் இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங் (வண்டி நிறுத்தும் பக்கத் தடம்), எட்டு வேகன். அவற்றில் ஐந்தைக் குறிப்பிட்ட வரிசையில் கோக்க வேண்டும். வரிசைகள் மொத்தம் 6,720. புதுத்தடத்திடம் இருப்பதும் இரண்டு பாயிண்ட்தான்!

நெடுந்தூரம் எழுதியது:

புதிரில் சுகம் காண்பவருக்கு அது பொக்கிஷம். வேலை முடிந்து வந்து, விளக்கை அணைத்துவிட்டு, சன்னல் வெளிச்சத்தோடு ஒரு ரயில் ஓடுவதைப் பார்க்க விரும்புபவருக்கு 6,720 எதற்கு? அதுவும் இந்தப் பொழுதுபோக்குதான். தாழ்ந்த வகை இல்லை.

புதுத்தடம் எழுதியது:

இருவருக்கும், பழையசரக்குக்கும் நன்றி. இப்படி நினைக்கிறேன்: எட்டுச் சக்கரத்திலும் மின்சாரம் எடுக்கும் நான்கு அச்சு டீசல், 264 மில்லிமீட்டர் பயணிகள் பெட்டி மூன்று, இரண்டு அச்சு சரக்கு வேகன் நான்கு, எல்லாவற்றிலும் ஐரோப்பிய வளையக் கப்ளிங். ஏழு வண்டிகளையும் ஒரே ரயிலாகக் கோக்கலாமா?

நெடுந்தூரம் எழுதியது:

பெட்டி மூன்றும் போதும், நல்ல தேர்வு. ஏழையும் தாராளமாகக் கோக்கலாம், கலப்பு ரயில்கள் நிஜத்திலும் ஓடின. கனமானவற்றை எஞ்சினுக்கு அடுத்து வையுங்கள்.

சைடிங்வாசி எழுதியது:

இதில் மட்டும் ஒத்துப்போக முடியாது. நீளப் பெட்டியின் முனை வளைவில் வெளிப்பக்கம் தள்ளும். அடுத்து மாட்டிய குட்டை வேகனின் முனையையும் கூடவே இழுக்கும். 360 ஆரத்தில் அந்த ஓர் இணைப்பில்தான் தடம் புரளும். கோர்த்தே தீருவேன் என்றால் முதலில் எஞ்சினை விட்டுவிட்டு, ஒரு பெட்டியையும் ஒரு வேகனையும் மட்டும் மாட்டி, கையால் மெதுவாக வளைவிலும் பாயிண்டிலும் இரு திசையிலும் தள்ளிப் பாருங்கள். கப்ளிங் பக்கவாட்டில் முட்டி நின்றால் தனித்தனி ரயிலாகவே ஓட்டுங்கள். வேகன் நான்கோடு நிறுத்தாமல் எட்டாக்கினால் இன்னும் நல்லது.