புதுப்பிப்பு: எண் கோட்பாட்டுப் பாடத்தை எடுத்துவிட்டேன்

நவீன இயற்கணிதம் படிக்காமல் எண் கோட்பாட்டுப் பாடம் எடுக்கலாமா என்று பருவத் தொடக்கத்தில் இங்கே கேட்டிருந்தேன். "நிறுவல் எழுதத் தெரிந்தால் போதும்" என்று பலர் சொன்னீர்கள். அதை நம்பிச் சேர்ந்தேன். முக்கால் பருவம் முடிந்துவிட்டது.

யூக்ளிடின் வகுத்தல் முறையும் பெர்மாவின் சிறிய தேற்றமும் சிரமமில்லாமல் நகர்ந்தன. குலங்களைப் (groups, நவீன இயற்கணிதத்தின் அடிப்படை அமைப்புகள்) பற்றித் தெரிந்திருந்தால் சில நிறுவல்கள் சுருங்கியிருக்கும், அவ்வளவுதான்.

என்னை உலுக்கியது இருபடி எச்சங்கள், அதாவது வர்க்க எண்களை வகுத்தால் வரும் மீதிகள். ஒரு வர்க்க எண்ணை 101-ஆல் வகுத்தால் மீதி 5 வருமா? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 45-இல் கிடைத்தது: 2025-இலிருந்து 2020-ஐக் கழித்தால் 5, 2020 என்பது 101-இன் 20 மடங்கு. மறுவாரம் கணித மேதை காஸின் விதி (quadratic reciprocity) வந்தது. இரண்டு ஒற்றைப் பகா எண்களில் ஒன்றையாவது 4-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தால், இரண்டையும் இடம் மாற்றிக் கேள்வியைத் திருப்பிப் போடலாம், வருமா வராதா என்ற விடை மாறாது. அப்படியானால் ஒரு வர்க்க எண்ணை 5-ஆல் வகுத்தால், 101-ஐ வகுத்தால் வரும் அதே மீதி வருமா என்று கேட்டால் போதும். 101-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 1. ஒன்று வர்க்க எண்தானே! ஒரே வரியில் முடிந்துவிட்டது. (அந்த 45 எது என்பதை மட்டும் விதி சொல்லாது.)

காஸ் இதை 1796-இல், 18 வயதில் நிறுவினார். பிறகும் புதுப்புது நிறுவல்களைத் தேடிக்கொண்டே இருந்தார். ஏன் என்று இப்போது புரிகிறது. 5-க்கும் 101-க்கும் இடையே இப்படி ஓர் உறவு எதற்காக இருக்க வேண்டும்? வகுப்பில் பார்த்த நிறுவலை வரிக்கு வரி சரிபார்த்துவிட்டேன்; வியப்பு மட்டும் தீரவில்லை.

அடுத்த பருவம் இயற்கணிதம் எடுக்கிறேன்.