‘கிரீக்’ ஓடை ஆகுமா? எண்ணூரை முன்வைத்து ஒரு கலைச்சொல் விவாதம்

குழுமத்தாருக்கு வணக்கம்.

‘கிரீக்’ (creek) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘ஓடை’, ‘சிற்றோடை’ என்ற இரண்டு பரிந்துரைகள் சென்ற வாரம் வந்தன. அகராதியைத் திறந்தாலும் அவைதாம் முதலில் நிற்கின்றன. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மேட்டுநிலத்திலிருந்து இறங்கி வரும் நன்னீர்ச் சிற்றாற்றை அப்பெயரால் அழைப்பதால், அந்நாட்டுப் பனுவல்களை மொழிபெயர்ப்பவருக்கு ஓடை போதும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பது எண்ணூரைப் பற்றிய ஓர் அறிக்கை. அதில் ‘எண்ணூர் ஓடை’ என்று எழுதிப் படித்துப் பார்த்தேன். சென்னைக்கு வடக்கே ஏதோ ஒரு வாய்க்கால் ஓடுகிறது போலும் என்றுதான் வாசகர் நினைப்பார்.

ஓடை என்றால் நீர் ஒரே திசையில் ஓட வேண்டும். எண்ணூரில் நீர் நாளுக்கு இரண்டு முறை உள்ளே ஏறுகிறது; இரண்டு முறை வெளியே வடிகிறது. சென்ற மாதம் ஒரு காலையில் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தேன். வார் அறுந்த ரப்பர் செருப்பு ஒன்று கடலுக்குப் போகாமல் மேற்கு நோக்கி, நிலத்துக்குள், மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர், “தண்ணி ஏறுது சார். மத்தியானத்துக்கு மேல வத்தும், அப்ப அதுவும் திரும்பி வரும்” என்றார். இந்த நீர்ப்பரப்புக்கு என்ன பெயர் என்று அவரிடம் கேட்டேன். ‘ஆறு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். மக்கள் வழக்கு எப்போதும் நமக்குக் கைகொடுக்கும் என்று நம்பியிருந்த எனக்கு அது சற்று ஏமாற்றந்தான்.

செய்தித்தாள்கள் எழுதுவது ‘எண்ணூர் கழிமுகம்’. இதிலும் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, ஆறும் கடலும் கூடும் இடத்துக்குச் சிலர் அச்சொல்லை ஆள, வேறு சிலர் ஆறு கிளைபிரிந்து வண்டல் படியும் டெல்டாவுக்கு ஆள்கின்றனர். ஏற்கெனவே இரண்டு சுமைகளைத் தூக்கும் சொல்லின் தலையில் மூன்றாவதை ஏற்றக் கூடாது. இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. முகம் என்றால் வாய் மட்டுமே. எண்ணூரின் நீர்ப்பரப்போ கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் அந்தச் சிறு வாயோடு நின்றுவிடுவதில்லை. காட்டுப்பள்ளி மணல்திட்டுக்குப் பின்னால், கடற்கரைக்கு இணையாக, பக்கிங்காம் கால்வாயோடு பின்னிக்கொண்டு வடக்கே பழவேற்காடு ஏரி வரை போகிறது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்து கொசஸ்தலையின் நீர் சென்னையின் குடிநீருக்குத் திரும்பிய பின், மழைக்காலம் நீங்கலான மாதங்களில் ஆறு கொண்டுவரும் நன்னீர் மிகக் குறைவு. ஆகவே அந்த நீர்ப்பரப்பு உயிரோடிருப்பதே கடலின் ஏற்ற இறக்கத்தால்தான். சொல்லிலும் அது தெரிய வேண்டும்.

என் பரிந்துரை ‘ஓதக்கழி’. ஓதம் என்பது கடலின் ஏற்ற இறக்கம். கழி என்பது நெய்தல் நிலத்துக்கே உரிய சொல். ‘இருங்கழி’ என்று சங்கப் பாடல்களில் பலமுறை வருகிறது. நெய்தலின் நீர்நிலைகளாக மணற்கிணற்றையும் உவர்க்கழியையும் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். கடல்நீர் நிலத்துக்குள் புகுந்து தங்கி வடியும் இடத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு பெயர் வைத்திருந்துவிட்டு, ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக ஓடையைத் தேடிப் போகிறோம். கழி என்றால் கழிவு நினைவுக்கு வருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். எண்ணூரைப் பொறுத்தவரை அந்த நினைவு பொருந்தாது என்று சொல்ல வாய் வரவில்லை. என்றாலும் அது அச்சொல்லின் குற்றமன்று.

‘ஓதம்’ என்ற அடைமொழியை நான் வற்புறுத்துவதற்கு மொழியழகு காரணமன்று. எண்ணூரின் நோயை விளங்கவைப்பதற்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. அனல் மின் நிலையத்தின் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் கசியும்போதும் உடையும்போதும் அந்தக் குழம்பு கழியில் இறங்கிப் படிந்து, ஆள் முழுகும் ஆழமிருந்த இடங்களை முழங்கால் அளவாக்கிவிடுகிறது. ஓர் ஓடையில் சாம்பல் படிந்தால் அடுத்த வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும் என்று ஆறுதல் கொள்ளலாம். கழியில் நிலைமை வேறு. ஓர் ஏற்றத்தில் எவ்வளவு கடல்நீர் உள்ளே வருகிறதோ அவ்வளவும் இறக்கத்தில் வெளியேறும். அந்த வேகந்தான் வாயில் சேரும் மணலை அரித்து வாயைத் திறந்து வைக்கிறது. படுகை மேடானால் உள்ளே வரும் நீர் குறையும். நீர் குறைந்தால் வெளியேறும் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மணல் வாயை அடைக்கும். வாய் அடைபட்டால் நீர் இன்னும் குறையும். உள்ளே புகுந்து வடியும் இந்த நீரளவை அறிக்கை ஒரு தனிச் சொல்லால் குறிக்கிறது. அதை ‘ஓதக்கொள்ளளவு’ என்று மொழிபெயர்த்திருக்கிறேன். தாய்ச்சொல் ஓதக்கழி என்று அமைந்தால் இக்கிளைச்சொல் தானாக முளைக்கிறது. ஓடையிலிருந்து இதை எப்படிப் பெறுவது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்ததும் இதற்கு ஒரு சான்று. எண்ணெய் ஒரே மூச்சில் கடலுக்குப் போய்விடவில்லை; ஓதத்தோடு ஏறியும் இறங்கியும் படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களிலும் கருப்பாக அப்பிக்கொண்டது.

சட்டத்திலும் ஓதமே அளவுகோல். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரின் உவர்ப்பு ஆயிரத்துக்கு 5 பங்காக இருக்கும் இடம் வரை ஓதத்தின் தாக்கம் எட்டுவதாகக் கொள்கிறது. அந்த எல்லை வரையுள்ள நீர்நிலையின் கரையில் 2011ஆம் ஆண்டு அறிவிக்கை 100 மீட்டரையும், அதற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டு அறிவிக்கை 50 மீட்டரையும், அல்லது கழியின் அகலத்தையும், இவற்றுள் எது குறைவோ அதை, மண்டலமாக வரையறுக்கின்றன. தமிழ் ஆவணத்தில் ஓடை என்று எழுதினால், படிப்பவர் இதைக் கடலோர விதிகளோடு பொருத்திப் பார்க்கவே மாட்டார்.

இங்கு இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. சென்னைக் கடலில் ஓதத்தின் உயர வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் எண்ணூர் போன்ற தட்டைநிலத்தில் அந்த ஒரு மீட்டர் பரந்த சேற்றுநிலத்தை மூடித் திறக்கிறது. கால்வாயாகத் தெரியும் நீர்த்தடத்தை மட்டும் கழியென்று வரைந்தால் இந்நிலம் முழுவதும் வெறும் பொட்டலாகிவிடும். 1996ஆம் ஆண்டுக் கடலோர மண்டல வரைபடத்தில் கழியாகக் காட்டப்பட்ட பரப்பின் பெரும்பகுதி பின்வந்த வரைபடமொன்றில் காணாமற்போனது 2017இல் பெரும் சர்ச்சையானதை நண்பர்கள் அறிவர். ஆகவே நீர்த்தடத்துக்கு ஓதக்கழி என்றும், ஏற்றத்தில் மூழ்கி இறக்கத்தில் வெளிப்படும் நிலத்துக்குக் ‘கழிவெளி’ என்றும் இரண்டையும் இணைத்தே வரையறுக்கலாம் என்பது என் கருத்து. மரக்காணம் பக்கத்தில் கழுவெளி என்று வழங்கும் சொல்லுக்கு இது அயலுமன்று.

வணக்கத்துடன்.

*

மட்டக்களப்பிலிருந்து ஒரு மறுமொழி:

ஐயா, கழி எனக்கு உடன்பாடே. ஆனால் ஓதம் என்றால் இன்று பலருக்குச் சுவரில் ஏறும் ஈரந்தான் நினைவுக்கு வரும். எங்கள் பாடநூல்களில் ‘வற்றுப்பெருக்கு’ என்ற சொல் உண்டு; வற்றுவதும் பெருகுவதும் அதில் வெளிப்படையாகத் தெரிகின்றன. ‘பெருக்குக்கழி’ என்றால் என்ன? மேலும், வாய் என்று தாங்கள் எழுதுவதற்கு எங்களிடம் ‘தொடுவாய்’ இருக்கிறது. கொக்குத்தொடுவாய் என்று முல்லைத்தீவில் ஊரே உண்டு. மட்டக்களப்பு வாவியிலோ முகத்துவாரம் என்போம். வெள்ளக் காலத்தில் அதன் மணலை வெட்டிவிட்டுத்தான் நீரைக் கடலுக்கு அனுப்புவார்கள்.

*

என் பதில்:

ஐயா, தொடுவாயை இரு கைகளாலும் ஏற்றுக்கொள்கிறேன். சீர்காழிப் பக்கத்திலும் தொடுவாய் என்று ஒரு மீனவர் ஊர் உண்டு. இருகரைக்கும் பொதுவான சொல் கிடைப்பது அரிது. எண்ணூரிலும் முகத்துவாரக்குப்பம் இருப்பதால், வாயைக் குறிக்கத் தொடுவாய், முகத்துவாரம் இரண்டும் இருக்கட்டும். சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வரும் மணலை மறித்ததால் மெரினா அகன்றதும் வடகரை அரிப்புண்டதும் அறிக்கையில் தனி அத்தியாயமாக வருகின்றன; அங்கே இச்சொற்கள் அடிக்கடி உதவும்.

பெருக்குக்கழியில் எனக்குத் தயக்கம் உண்டு. வற்றுப்பெருக்கில் இருந்த வற்று அதில் விடுபட்டுவிடுகிறது. பெருக்கு மட்டும் நின்றால் ஆடிப்பெருக்கு போல ஆற்றுவெள்ளமாகத் தோன்றும். சுவரில் ஏறும் ஓதமும் நீர் மெல்ல ஊறி ஏறுவதுதானே. குழப்பத்தைவிட உறவே அதிகம் தெரிகிறது. ஓதம், உயரோதம், தாழோதம் ஆகியன தமிழகப் பாடநூல்களில் பழகிய சொற்களாகவும் உள்ளன. ஆகவே தலைச்சொல்லாக ஓதக்கழியை வைத்து, வற்றுப்பெருக்கை விளக்கத்துக்குள் கொண்டுவருகிறேன்:

‘ஓதக்கழி: கடலோடு தொடுவாய் வழியே இணைந்து, ஓதத்தின் வற்றுப்பெருக்கால் நீர் உட்புகுந்தும் வடிந்தும் வரும் குறுகிய உவர்நீர்த் தடம், தன் படுகையும் இருமருங்கிலுமுள்ள கழிவெளியும் உள்ளிட்டது.’

‘படுகையும்’ என்று வலிந்து சேர்த்ததற்குக் காரணம் உண்டு. எண்ணூர் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று அழைக்கும் ஒரு சிப்பி, தென்னமெரிக்காவிலிருந்து கப்பல்கள் வழியே வந்ததாகக் கருதப்படுவது, இப்போது சேற்றின் மேல் கம்பளம் விரித்தாற்போலப் படர்ந்திருக்கிறது. இறால் புதைந்து வாழ்வதற்குச் சேறு வேண்டும். அந்தக் கம்பளத்துக்கு அடியில் அதற்கு இடமில்லை. கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு அதன் கூர் விளிம்பு விரலைக் கிழிக்கும் கத்தி. நீரை மட்டும் வரையறுத்தால் இந்தச் சேதம் எந்தத் தலைப்பிலும் அடங்காது.

ஒன்று மட்டும் தீரவில்லை. அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கத்து உப்பளங்களைக் கழிவெளிக்குள் சேர்க்கலாமா? பாத்தி கட்டியது மனிதர். நீர் வந்தது ஓதத்தால். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டப்பட்ட கால்வாயில் அந்தக் காலத்து உப்பும் படகேறிப் போயிருக்கிறது. சேர்க்கலாம் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். உப்பளங்களைப் பற்றிய பக்கங்களை அதுவரை மொழிபெயர்க்காமல் வைத்திருக்கிறேன்.