ஈர்ப்பு விசை வழியாகச் செய்தி அனுப்ப முடியுமா?

கடலோடி: உப்புத் தண்ணீரில் ரேடியோ அலை சீக்கிரமே அடங்கிவிடும். அதனால்தான் நீர்மூழ்கிகளுக்காக திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை நிலையத்தில், அவ்வளவு உயரமான கோபுரங்களை நட்டு மிகத் தாழ் அதிர்வெண்ணில் அனுப்புகிறார்கள். அதுவும் சில பத்து மீட்டர் ஆழத்தோடு சரி. ஈர்ப்பை நீரோ பாறையோ மறிக்காது. 2015-இல் அமெரிக்காவின் லைகோ ஆய்வுக்கூடம், ஈர்ப்பு விசையின் அலையான ஈர்ப்பலையைப் பிடித்தும் காட்டிவிட்டது. அதிலேயே பேசினால் என்ன?

அளவுகோல்: பிடித்தது சரி, அனுப்பியது யார்? சூரியனைப் போல 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள். மோதலில் மூன்று சூரியன்களின் நிறை அலையாகவே போய்விட்டது. அப்படியும் இங்கே லைகோவின் 4 கிலோமீட்டர் நீளக் குழாயில் தெரிந்த நீள மாற்றம் ஒரு புரோட்டானின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

கடலோடி: கனமான இரும்பைச் சுழற்றினாலும் அலை வருமே?

அளவுகோல்: வரும். 20 மீட்டர் நீளம், 490 டன் எஃகுத் தண்டு, அது பிய்ந்து போகிற வேகம்வரை சுற்றுங்கள். கிடைப்பது புள்ளிக்குப் பின் 28 சைபர் தாண்டி ஆரம்பிக்கும் வாட். பூமி சூரியனைச் சுற்றுவதிலேயே சுமார் 200 வாட்தான், ஒரு மிக்சிக்குப் பத்தாது!

அதிர்வு: அலையை விடுங்கள் சார், ஈர்ப்புப் புலமே மாறுமே. 2011 ஜப்பான் நிலநடுக்கத்தில் பாறைகள் இடம் மாறிய சேதி, அதிர்வலை வந்து சேரும் முன்பே தொலைவில் உள்ள நில அதிர்வுமானிகளில் பதிந்திருந்தது. 2017-இல் அதை ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அளவுகோல்: நல்ல உதாரணம், ஆனால் அனுப்பியது 9.1 அளவு நிலநடுக்கம். ஆய்வகத்தில் ஒரு எடையை இந்தப் பக்கம் தள்ளினால், அதைத் தாங்கும் மேடை அந்தப் பக்கம் உதைபடும். இரண்டின் விளைவும் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துவிடும், மிச்சமும் தூரம் கூடக்கூட மளமளவென்று தேயும். மின்னூட்டத்தில் கூட்டலும் கழித்தலும் உண்டு, அதனால் ஆண்டெனா சாத்தியம். நிறையில் கூட்டல் மட்டும்தானே. அப்புறம் இரைச்சல் வேறு. நுண்ணிய ஈர்ப்புமானி நிலத்தடி நீர் ஏறினால்கூடக் காட்டிக்கொடுக்கும். உங்கள் செய்தியை அதில் எப்படிப் பிரிப்பீர்கள்?

கடலோடி: நியூட்ரினோ என்ற நுண்துகளும் எதிலும் சிக்காத சரக்குதான். 2012-இல் அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகத்தில் ‘நியூட்ரினோ’ என்ற சொல்லையே 240 மீட்டர் பாறையைத் தாண்டி அனுப்பினார்களே.

அளவுகோல்: வினாடிக்கு 0.1 பிட் வேகத்தில்! ஆனாலும் துகள்முடுக்கி இயந்திரத்தைக் கொண்டு நியூட்ரினோவை உண்டாக்கிக் கற்றையாக விடலாம், ஈர்ப்பில் அந்த வசதியும் கிடையாது. அந்த நியூட்ரினோவைப் பிடித்த கருவியே நூறு டன்னுக்கு மேல். எந்த நீர்மூழ்கியில் ஏற்றப் போகிறீர்கள்?